சம்பளம் சரி, விசா யார் கையில?

ஃபைனல் இயர் வந்துட்டா எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "பிளேஸ்மென்ட் ஆச்சா?" எங்க ஊர் கோட்டைப்பட்டினத்துல அதுக்கப்புறம் இன்னொரு கேள்வியும் வரும்: "எப்பப்பா சபரு?" சபருன்னா வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போறது. ஜெகதாப்பட்டினம், மீமிசல், கோபாலப்பட்டினம், அம்மாபட்டினம்னு எங்க கடற்கரை முழுக்க இதே கதைதான். ஒரே வீட்டுல அண்ணன் கடலுக்குப் போவார், தம்பி கடல் தாண்டிப் போவார்.

அதனால இந்த மாசம் வெளிநாட்டு வேலையைப் பத்தி எழுதலாம்னு தோணுச்சு. (எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர்கிட்ட கேளுங்க.)

ஒரு ஆஃபர் வந்தா நாம என்ன செய்றோம்? கூகுள்ல கரன்சி ரேட்டைப் பார்த்து, சம்பளத்தை ரூபாயில பெருக்கி, வாட்ஸ்அப் குரூப்ல போடுறோம். அவ்ளோதான் நம்ம ஆராய்ச்சி. என் கருத்து என்னன்னா, சம்பளத்தைக் கேக்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேக்கணும். ஒண்ணு, வேலை போனா அந்த நாட்டுல எத்தனை நாள் இருக்கலாம்? ரெண்டு, குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகலாமா? மூணு, அங்க இருக்குற வருஷங்கள் நிரந்தரமா தங்குற உரிமைக்குக் கணக்குல சேருமா? இந்த மூணாவது கேள்வியை நம்ம பக்கம் பெரும்பாலும் யாரும் கேக்குறதே இல்ல.

முப்பது வருஷம் இருந்தாலும் விருந்தாளிதான்

வளைகுடா நாடுகளை எடுத்துக்கோங்க. அங்க குடியிருப்பு அனுமதி (நம்ம ஆளுங்க பாஷையில இக்காமா) வேலையோட கட்டப்பட்டது. ஸ்பான்சர் பண்ற முதலாளியை கஃபீல்னு சொல்வாங்க. வேலை போனா அனுமதியும் போகும். கொஞ்ச நாள் அவகாசத்துக்குள்ள வேற வேலை கிடைக்கலன்னா பெட்டி கட்டணும். இந்த முறை முன்ன விட மாறியிருக்கு, அதையும் சொல்லணும். கத்தார் 2020-ல வேலை மாற முதலாளியோட என்.ஓ.சி. தேவையில்லன்னு சட்டம் கொண்டு வந்துச்சு. சவூதியும் 2021 மார்ச்சுல, ஒரு வருஷம் முடிச்சவங்க முதலாளி சம்மதம் இல்லாமலே வேலை மாற வழி விட்டுச்சு. ஆனா வீட்டு வேலைக்காரங்க, வீட்டு டிரைவர்கள் மாதிரியானவங்களுக்கு அந்தச் சீர்திருத்தம் பொருந்தல. நம்ம மாவட்டத்துல இருந்து அந்த வேலைகளுக்குப் போனவங்க கொஞ்சம் பேர் இல்ல.

குடும்பத்துக்கு வருவோம். சவூதி 2017 ஜூலையில இருந்து, கூட இருக்குற மனைவி பிள்ளைகள் ஒவ்வொருத்தருக்கும் மாசம் 100 ரியால் கட்டணம் போட்டுச்சு. வருஷா வருஷம் நூறு நூறா ஏத்தி 2020-ல 400 ரியால் ஆக்குனாங்க. மனைவியும் ரெண்டு பிள்ளைகளும் இருந்தா மாசம் 1,200 ரியால், அதுவும் சும்மா கூட இருக்குறதுக்கு. பல பேர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிட்டு மறுபடி பேச்சிலர் ரூமுக்குப் போனதுக்கு இதுதான் காரணம். அமீரகத்துல குடும்பத்தை ஸ்பான்சர் பண்ண மாசம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேணும், இல்ல 3,000 திர்ஹாமும் தங்குற இடமும் வேணும்.

"இப்பதான் கோல்டன் விசா இருக்கே, ரஜினிக்கே குடுத்தாங்களே"ன்னு கேப்பீங்க. உண்மைதான். கமல்ஹாசன் 2022-லயும் ரஜினிகாந்த் 2024-லயும் வாங்குனாங்க. பத்து வருஷ விசா, ஸ்பான்சர் வேணாம். ஆனா சம்பளக்காரங்க அந்த வழியில வாங்கணும்னா மாசம் 30,000 திர்ஹாம் வேணும். அதுக்கு அடுத்த படியா அஞ்சு வருஷ கிரீன் விசா இருக்கு. டிகிரியும் மாசம் 15,000 திர்ஹாம் சம்பளமும் இருக்குற ஊழியருக்கு அது முதலாளி தயவு இல்லாம கிடைக்கும். இதை நம்ம பசங்க கட்டாயம் தெரிஞ்சு வச்சிருக்கணும். ஏன்னா துபாய்ல சைட் இன்ஜினியரா 4,000 திர்ஹாமுக்கு ஆரம்பிக்கிற ஒருத்தருக்கு, எந்தச் சம்பளத்துல போய்ச் சேர்ந்தா தன் விசா தன் கைக்கு வரும்னு ஒரு இலக்கு இருக்கும்.

சிங்கப்பூர்: ஒரே ஊர், மூணு வாழ்க்கை

சிங்கப்பூர் நமக்குப் பக்கம். திருச்சியில ஃப்ளைட் ஏறினா நாலு மணி நேரம் சொச்சம். "ஸ்கில் அடிச்சுட்டுப் போயிடலாம்"னு பி.இ. முடிச்ச அண்ணன்களே சொல்றதைக் கேட்டிருப்பீங்க. ஸ்கில் டெஸ்ட் பாஸ் பண்ணி கட்டுமான வேலைக்குப் போனா கிடைக்கிறது ஒர்க் பெர்மிட். அதுக்கு மேல எஸ் பாஸ். அதுக்கும் மேல எம்ப்ளாய்மென்ட் பாஸ். மூணும் ஒரே சாங்கி ஏர்போர்ட்லதான் இறங்கும், ஆனா மூணும் வேற வேற வாழ்க்கை.

ஒர்க் பெர்மிட்ல குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. சிங்கப்பூர் குடிமகளையோ பி.ஆர். வச்சிருக்குற பெண்ணையோ கல்யாணம் பண்ணணும்னா கூட மனிதவள அமைச்சகத்துகிட்ட அனுமதி வாங்கணும். முக்கியமா, எத்தனை வருஷம் உழைச்சாலும் அந்தப் பெர்மிட்டை வச்சு பி.ஆர்.க்கு விண்ணப்பிக்க முடியாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரெண்டுலயும் விண்ணப்பிக்கலாம். கிடைக்குமாங்கிறது வேற விஷயம், ஆனா கதவு இருக்கு. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரியில இருந்து குறைஞ்சது 5,600 டாலர் சம்பளம், அதோட 2023 செப்டம்பர்ல வந்த காம்பஸ்ங்கிற முறையில 40 பாயிண்ட்டும் எடுக்கணும். நீங்க எந்த யுனிவர்சிட்டியில படிச்சீங்கங்கிறதுக்கும் அதுல பாயிண்ட் உண்டு.

நான் ஒர்க் பெர்மிட்ல போனவங்களைக் குறைச்சுச் சொல்லல. எங்க தெருவுல பாதி வீடு அந்தக் காசுல கட்டினதுதான். ஆனா நாலு வருஷம் படிச்சு, எஜுகேஷன் லோன் வாங்கி, அதுக்கு மேல ஏஜென்ட்டுக்கும் கடன் வாங்கிக் குடுத்து, எண்ணிக்கையில சேராத வருஷங்களை வாங்குறது நல்ல வியாபாரமா? யோசிங்க.

மணி ஓடுற நாடுகள்

மூணாவது கேள்விக்குத் தெளிவா பதில் சொல்ற நாடுகளும் இருக்கு. ஜெர்மனியில ப்ளூ கார்டு வாங்கின இன்ஜினியர், ஆரம்பநிலை ஜெர்மன் தெரிஞ்சா 27 மாசத்துல நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். பி1 லெவல் ஜெர்மன் தெரிஞ்சா 21 மாசம் போதும். அதாவது ஒரு மொழியை ஒழுங்கா படிச்சதுக்கு அரசாங்கம் ஆறு மாசம் தள்ளுபடி தருது! 2024 அக்டோபர்ல ஜெர்மனி, இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கு வருஷத்துக்கு 20,000 விசாங்கிறதை 90,000 ஆக்கப் போறதா அறிவிச்சுச்சு.

ஜப்பான்ல சாதாரணமா பத்து வருஷம் ஆகும். ஆனா உயர்திறன் பணியாளர் பாயிண்ட் கணக்குல 70 எடுத்தா மூணு வருஷம், 80 எடுத்தா ஒரே வருஷம். வயசு, டிகிரி, சம்பளம், ஜப்பானிய மொழித் தேர்வு எல்லாத்துக்கும் பாயிண்ட் உண்டு. முப்பது வயசுக்குள்ள இருக்குறதுக்கே 15 பாயிண்ட். நமக்கு இப்போதைக்குச் சும்மா கிடைக்கிறது அது ஒண்ணுதான்.

நேர்மாறான உதாரணம் அமெரிக்கா. எச்-1பி விசாவுல வேலை போனா 60 நாள். கிரீன் கார்டுல எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாதுங்கிறது 1990 சட்டம். வருஷத்துக்கு வேலைவழி கிரீன் கார்டு சுமார் 1,40,000 தான். இந்தியால பிறந்தவங்க வரிசை பல வருஷம் நீளுது. சம்பளம் உலகத்துலயே பெருசு, ஆனா மணி ஓடுற வேகம் ரொம்பச் சின்னது.

"நான்தான் திரும்பி வரப் போறேனே, பி.ஆர். எதுக்கு?"

இதுதான் நான் அதிகமா கேட்ட பதில். "அஞ்சு வருஷம், லோன் அடைச்சு, தங்கச்சி கல்யாணம் முடிச்சு வந்துடுவேன்." நியாயம். அதுவும் வளைகுடால வருமான வரி இல்ல, கையில நிக்கிற காசு அதிகம். ஜெர்மனியில வரி, வாடகை, குளிர் எல்லாம் போக மிச்சம் பார்த்தா அழுகை வரும். இதெல்லாம் ஒத்துக்கிறேன்.

ஆனா நீண்டகாலக் குடியிருப்புங்கிறது அங்கயே செத்துப் போறதுக்கான ஏற்பாடு இல்ல. சம்பளம் தராத முதலாளிகிட்ட "போய்யா"ன்னு சொல்றதுக்கு அது வேணும். எந்தத் தேதியில திரும்பி வரணும்னு நாமளே முடிவு பண்றதுக்கும் அது வேணும். 2020 கொரோனா நேரத்துல வந்தே பாரத் ஃப்ளைட்ல வந்த எத்தனையோ பேர் அவங்க குறிச்ச தேதியில வரல. வேலை போச்சு, கூடவே அங்க இருக்குற உரிமையும் போச்சு.

இது புதுசும் இல்ல. புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் பர்மால இருந்து திரும்பின குடும்பங்கள் இன்னும் இருக்கு. 1960கள்ல நெ வின் ஆட்சி கடைகளை நாட்டுடைமை ஆக்கினப்ப, தலைமுறையா அங்க தொழில் பண்ணவங்க கையில ஒண்ணும் இல்லாம கப்பல் ஏறினாங்க. இலங்கையில 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவங்க ஆக்குச்சு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவங்கள்ல 5,25,000 பேரை இந்தியாவுக்கு எழுதி வச்சுச்சு. மலேசியால 1969-க்கு அப்புறம் குடியுரிமை இல்லாதவங்களுக்கு ஒர்க் பெர்மிட் கட்டாயம் ஆனப்ப, ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் கிளம்ப வேண்டியதாச்சு. எத்தனை வருஷம் உழைச்சாங்கன்னு எந்த நாடும் கேக்கல. கையில என்ன பேப்பர் இருக்குன்னுதான் கேட்டுச்சு.

பி.ஆர்.ம் கல்வெட்டு இல்ல, அதையும் சொல்லிடுறேன். ஜெர்மனி அனுமதியை வச்சுக்கிட்டு ரொம்ப நாள் வெளிய இருந்தா அது காலாவதி ஆயிடும். சிங்கப்பூர் பி.ஆர்.க்கு ரீ-என்ட்ரி பெர்மிட் வேணும், பையன் பிறந்து பி.ஆர். ஆனா அவன் ராணுவ சேவை செய்யணும். கண்டிஷனைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

டிகிரிக்காரனுக்குக் காவல் கம்மி

பலருக்குத் தெரியாத ஒண்ணு. 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது முடிக்காதவங்க குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனா அரசாங்க அனுமதி வாங்கணும், அங்க அவங்க ஒப்பந்தத்தை ஒரு அதிகாரி பார்ப்பார். நமக்கு அந்த அனுமதி தேவையில்ல. கேக்க கெத்தா இருக்கு. ஆனா நம்ம ஒப்பந்தத்தை யாரும் பார்க்கலன்னும் அர்த்தம். 2022-ல தாய்லாந்துல ஐ.டி. வேலைன்னு நம்பிப் போய், மியான்மர்ல மியாவாடி மோசடிக் கூடாரங்கள்ல சிக்கினவங்கள்ல தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தாங்க. படிச்சவங்கதான்.

அதனால சில விஷயம் மனசுல வைங்க. விசிட் விசாவுல போய் வேலைக்கு மாத்திக்கலாம்னு சொன்னா நம்பாதீங்க. "ஃப்ரீ விசா"ன்னு ஒண்ணு சட்டத்துல கிடையாது. அது ஒரு கஃபீலுக்குக் காசு குடுத்துப் பேர் வாங்கிட்டு வேற இடத்துல வேலை பாக்குறது, மாட்டினா மாட்டுறது நீங்கதான். பதிவு பெற்ற ஏஜென்ட் யாருன்னு இ-மைக்ரேட் தளத்துல பார்க்கலாம். அவங்க வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டும்தான். தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-ல இருந்து இருக்கு, அங்கயும் கேக்கலாம்.

கடைசியா நம்ம காலேஜுக்கு ஒரு கோரிக்கை. ஆப்டிட்யூடுக்கு நாற்பது மணி நேரம் கிளாஸ் எடுக்குறீங்க, நன்றி. ஒரு வேலை ஒப்பந்தத்தையும் ஒரு விசா விதியையும் எப்படிப் படிக்கிறதுன்னு ரெண்டு மணி நேரம் எடுங்க. வெளிநாட்டுல இருக்குற சீனியர்களை ஜூம்ல கூப்பிட்டு, சம்பளத்தை விட்டுட்டு இந்த மூணு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்க. பிளேஸ்மென்ட் போஸ்டர்ல பேக்கேஜுக்குக் கீழ எந்த வகை விசான்னு ஒரு வரி போடுங்க.

உங்களுக்கும் ஒண்ணு. இப்ப ஆஃபர் கையில வச்சிருக்குறவங்க, இன்னைக்கு ராத்திரி அந்த நாட்டோட அரசாங்க வெப்சைட்டைத் திறந்து உங்க விசா வகையைப் போட்டுத் தேடுங்க. ஏஜென்ட் சொன்னதும் அதுல இருக்குறதும் ஒண்ணா இருந்தா சந்தோஷமா கிளம்புங்க. இல்லன்னா பணம் கட்டுறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேளுங்க.