டப்பா திரும்பி வரட்டும், குவளை திரும்ப வேண்டாம்

காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். 2022-ல் நீலகிரியில் தொடங்கி, பெரம்பலூர், அரியலூர் டாஸ்மாக் கடைகளுக்கும் வந்த திட்டம் இது. சாப்பாட்டு பார்சலுக்கும் இதே வழி என்கிறார்கள்: எவர்சில்வர் டப்பா, முன்பணம், க்யூஆர் கோடு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 2024-ல் கோப்பைகளைத் திரும்ப வாங்க எந்திரமே வைத்துவிட்டார்கள்.

குப்பை குறையட்டும் தோழர்களே, வரவேற்போம். ஆனால் மறுபயன்பாடு என்றால், காலனியில் சாப்பிட்ட டப்பாவில் நாளை ஊர்த்தெரு சாப்பிட வேண்டும். சாப்பிடுமா?

இரட்டைக் குவளை பார்த்த மண் இது. பேப்பர் கப் வந்ததும் தீண்டாமை ஒழிந்தது என்றார்கள். ஒழியவில்லை, ஒளிந்துகொண்டது. தூக்கி எறியும் கப்பில் யார் எச்சிலும் யாருக்கும் பிரச்சினையில்லையே!

க்யூஆர் கோடு டப்பாவை மட்டுமா எண்ணும்? அது போய்வந்த தெருவையும் சொல்லும். காலனி டப்பாவைத் தனியாக அடுக்க அந்தத் தகவல் போதும். பொது உணவகத்தின் பாத்திரத்தை மறுப்பது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் டப்பாவுக்கும் பொருந்தட்டும்.

அந்த எச்சில் டப்பாக்களைக் கழுவப்போவது யார்? வழக்கம்போல் நம் அம்மாக்கள்தான் என்றால், நியாயமான சம்பளமும் பி.எஃப்.-பும் எங்கே?

திட்டம் வரும்போது முதலில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். எந்திரத்தை அப்புறம் வேடிக்கை பார்க்கலாம்.