கட்டைக்கும் ஒரு காலம் வரும்!

செமஸ்டர் லீவ் விட்டாச்சா? ரெக்கார்டு நோட்டு, வைவா, அரியர் கவலை எல்லாத்தையும் ஹாஸ்டல் ரூம்லயே பூட்டிட்டு ஊருக்கு பஸ் ஏறியிருப்பீங்க. முதல் ரெண்டு நாள் ராஜ உபசாரம் நடக்கும். மூணாவது நாள் காலையில, ‘சும்மாதானே படுத்திருக்கே... போய் ரேஷன் க்யூவுல நில்லு!’னு ஆரம்பிச்சிடுவாங்க. அதுல இருந்து எஸ்கேப் ஆக இந்த வாரம் ஒரு வேலை சொல்றேன்.

கொல்லைப் பக்கம் போய்ப் பாருங்க. எப்பவோ வெட்டின மரத்தோட அடிக்கட்டை ஒண்ணு துணி காயப்போடவும், காக்கா உட்காரவும் உதவிக்கிட்டு நிக்கும். அதை ஒரு குட்டித் தோட்டமா மாத்திடலாம். பெருசா செலவு இல்லை. உளி, சுத்தியல், கொஞ்சம் எரு, நிறைய பொறுமை... போதும்.

ஆனா, ஒரு கண்டிஷன் பாஸ். இந்த சப்ஜெக்ட்ல நான் பாதி பாஸ், பாதி ஃபெயில். ஃபெயிலான பாதியையும் முழுசாப் படிச்சுட்டுத்தான் உளியைக் கையில எடுக்கணும். டீல்?

எங்க ஊர் பட்டுக்கோட்டை பக்கம். 2018, நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல ‘கஜா’ புயல் கரையைக் கடந்துச்சு. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல காத்து. அப்போ நான் எட்டாங்கிளாஸ். ராத்திரி முழுக்க மடார்... மடார்னு சத்தம். விடிஞ்சு கதவைத் திறந்தா, எப்பவும் தோப்பு மறைச்சுக்கிட்டு நிக்கிற பக்கத்து ஊர் கோயில் கோபுரம் பளிச்சுனு தெரியுது. தோப்புல ஒரு தென்னைகூட நிக்கலை. அப்பா வாசப்படியிலயே உட்கார்ந்துட்டார். அன்னிக்கு எங்க பக்கத்துல லட்சக்கணக்குல தென்னை விழுந்துச்சு. ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஒரு அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

கொல்லையில நின்ன பலாமரம் இடுப்பு உயரத்துக்கு மேல முறிஞ்சு கிடந்துச்சு. அது அப்பாயி வெச்ச மரம். வியாபாரி வந்து, கேட்டா சிரிப்பீங்க, அப்படி ஒரு விலைக்கு மேல்மரத்தைத் தூக்கிட்டுப் போனார். அடிக்கட்டையை மட்டும் எடுக்க விடமாட்டேன்னுட்டாங்க அப்பாயி. ‘அது பாட்டுக்கு நிக்கட்டும். சோறா கேக்குது?’

ஜே.சி.பி. வந்து தோப்புல இருந்த தென்னந்தூர் எல்லாத்தையும் பிடுங்கிடுச்சு. அடுத்த வருஷமே அப்பா கடன் வாங்கி நெட்டைக் கன்னு நாப்பது நட்டார். நெட்டை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். என் காலேஜ் ஃபீஸும் அந்தக் கன்னுகளும் ஒண்ணாத்தான் வளர்ந்துச்சுனு வெச்சுக்கங்க.

இப்ப கதைக்கு வருவோம். போன வருஷம் மே மாசம். நாலாவது செமஸ்டர் முடிஞ்ச லீவ். மொபைல்ல எதையோ தேடப்போய், எதுலயோ மாட்டினேன். இங்கிலாந்துல ஸ்டம்பரினு ஒரு ஸ்டைல் தோட்டம் இருக்காம். ஸ்டம்ப்னா அடிக்கட்டை. செத்த மரத்தோட தூரைப் பிடுங்கி, வேர் மேல தெரியிற மாதிரி தலைகீழா நிறுத்தி, இடுக்கெல்லாம் பெரணிச் செடி வெச்சு வளர்க்கிறது. ஸ்டாஃபோர்ட்ஷயர்ல பிடல்ஃப் கிரேஞ்ச்னு ஒரு மாளிகை. அங்கே ஜேம்ஸ் பேட்மேன்கிற செடிப் பித்தருக்காக எட்வர்டு குக் 1856-ல அமைச்சதுதான் முதல் ஸ்டம்பரினு சொல்றாங்க. (பேட்மேன்னதும் முகமூடியை நினைக்காதீங்க, இவர் ஆர்க்கிட் ஸ்பெஷலிஸ்ட்!) அந்தக் காலத்துல இங்கிலாந்தே பெரணிப் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சதாம். இன்னிக்கு மன்னரா இருக்கிற சார்லஸ்கூட, இளவரசரா இருந்தப்ப ஹைகுரோவ் வீட்டுல ஒரு ஸ்டம்பரி போட்டிருக்கார். அதைப் பார்த்துட்டு அவங்க அப்பா, ‘எப்பப்பா இதையெல்லாம் கொளுத்தப்போறே?’ங்கிற மாதிரி கேட்டதா ஒரு கதை உண்டு. அரண்மனையானாலும் அப்பா அப்பாதான்!

படத்தைப் பார்த்ததும் கை துறுதுறுனு ஆயிடுச்சு. நேரா பலாக்கட்டைகிட்ட போனேன். இனி செய்முறை. நோட் பண்ணிக்கங்க...

1. முதல்ல கட்டை செத்துடுச்சா, உயிரோட இருக்கானு பாருங்க. பட்டையை நகத்தால சுரண்டினா உள்ளே பச்சை தெரியுதா? பக்கத்துல துளிர் கிளம்புதா? அப்படின்னா தோட்டம் எல்லாம் வேணாம். மரமே திரும்ப வரப் பார்க்குது. நல்ல துளிரா ஒண்ணு, ரெண்டை விட்டுட்டு மத்ததைக் கிள்ளிட்டு, தண்ணி ஊத்துங்க.

2. செத்த கட்டைனா, சுத்தி ரெண்டு, மூணு இன்ச் விளிம்பு விட்டுட்டு நடுவுல குடையுங்க. முக்கால் அடி ஆழம் போதும். பலாவோட வைரம் பாஞ்ச கட்டையில உளி இறங்குறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். மிருதங்கம் செய்ய இந்தக் கட்டையை ஏன் தேடி வர்றாங்கனு என் தோள்பட்டைக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சது. எனக்கு அஞ்சு நாள் ஆச்சு.

3. நம்ம இன்ஜினீயரிங் மூளை வேலை செய்யவேண்டிய இடம் இது. குழியில தண்ணி தேங்கினா செடி அழுகும், கொசு குடும்பம் நடத்தும். பூந்தொட்டி மாதிரி அடியில ஓட்டை போட முடியாது. கீழே வேர் இருக்கே! அதனால, வெளிப்பக்கம் இருந்து குழியோட அடிமட்டத்துக்கு மேல்நோக்கிச் சாய்வா அரை இன்ச் ட்ரில் போடுங்க. தண்ணி தானா வெளியே வழிஞ்சுடும். ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு போட்டா சேஃப்.

4. அடியில உடைஞ்ச ஓட்டுச் சில்லு, அதுக்கு மேல செம்மண், நல்லா மக்கின எரு, கொஞ்சம் தென்னை நார்க்கழிவு. செடி வைங்க. பெரணி எல்லாம் எங்க ஊர் வெயிலுக்கு ரெண்டே நாள்ல அப்பளம் ஆயிடும். பட்டு ரோஸ், கற்பூரவல்லி, பக்கவாட்டுல ஏறவிட பிரண்டை... இதுங்கதான் நம்ம ஆளுங்க.

5. ஒரு மாசத்துல இலை வெளிறினா பயப்படாதீங்க. மரத்தை மக்கவைக்கிற பூஞ்சை, மண்ணுல இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கும். கடலைப் புண்ணாக்கை ஊறவெச்சு, தண்ணி கலந்து ஊத்துங்க. தெளிஞ்சிடும்.

6. கட்டையை ஒழிக்கிறேன்னு டீசல், ஆசிட், உப்பு எதையும் ஊத்தாதீங்க. மரம் ஏற்கெனவே செத்துடுச்சு. நீங்க கொல்றது மண்ணை. வீட்டுச் சுவரை ஒட்டி நிக்கிற கட்டைனா இந்த விளையாட்டே வேணாம். கரையானுக்கு நாமே ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

இதுவரைக்கும் நான் டிஸ்டிங்ஷன். பலாக்கட்டையில பட்டு ரோஸ் பூத்தது. கஜாவுக்கு அப்புறம் கொல்லைப் பக்கம் அதிகம் வராத அப்பாயி, கம்பு ஊனிக்கிட்டு வந்து பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. கற்பூரவல்லியில ரெண்டு இலை கிள்ளிக்கிட்டு உள்ளே போயிட்டாங்க. எனக்கு அது ஆஸ்கர்!

அதோட நிறுத்தியிருக்கணும். ஆனா, படத்துல பார்த்த ஸ்டம்பரியில பத்து இருபது கட்டை இருந்துச்சே... நம்மகிட்ட ஒண்ணுதானே இருக்கு? பக்கத்துத் தோப்புல, முந்தின வருஷம் இடி விழுந்து செத்த தென்னை ரெண்டை வெட்டிப் போட்டிருந்தாங்க. அதோட அடித்துண்டுகளைக் கேட்டு வாங்கி, சைக்கிள்ல கட்டி உருட்டிக்கிட்டு வந்தேன். தென்னையில வைரம் எல்லாம் வெளிப்பக்கம்தான். நடுவுல பஞ்சு மாதிரி இருக்கும். அரை நாள்ல குடைஞ்சாச்சு. உள்ளே எருவைக் கொட்டி, தண்ணி தெளிச்சு, செடியும் வெச்சாச்சு. சூப்பர்ல?

சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார். ‘பலாக்கட்டை சரி. தென்னங்கட்டையைக் கொல்லையில போடாத தம்பி. தோப்புக்கு ஆகாது’னார்.

நான்தான் படிச்ச புள்ளையாச்சே! ‘அட, வெளிநாட்டுல அரண்மனையிலயே வெக்கிறாங்கப்பா’ன்னேன். சரினுட்டு எடுத்துப்போடற மாதிரி பாவ்லா காட்டி, வைக்கோல்போருக்குப் பின்னாடி நகர்த்திட்டு, காலேஜுக்கு பஸ் ஏறிட்டேன்.

தீபாவளி லீவுக்கு வந்தா, வீடு ஒரு மாதிரி இருந்துச்சு. தோப்புல புதுசா விரியிற மட்டை எல்லாம் கத்தரிக்கோலால ‘வி’ எழுத்து மாதிரி வெட்டி வெச்ச கணக்கா இருக்கு. காண்டாமிருக வண்டு! ராத்திரியில வந்து குருத்தைக் குடைஞ்சு சாறு குடிக்கும். குருத்து விரியும்போதுதான் அது வெட்டின வெட்டு வெளியே தெரியும். அப்பா எருக்குழியை ரெண்டு தடவை கிளறிப் பார்த்து, ஆளு வெச்சு சுத்தம் பண்ணியிருந்தார். பாளை விடவேண்டிய வருஷம் அது. எங்கேர்ந்து வருதுனு அவருக்குப் புரியலை.

எனக்கு வயித்துல புளி கரைச்சது. வைக்கோல்போருக்குப் பின்னாடி போய், தென்னங்கட்டையைப் புரட்டினேன். உள்ளே மண்ணே தெரியலை. கட்டைவிரல் மொத்தத்துல, வெள்ளையா, சுருண்டு சுருண்டு புழு. அந்த வண்டு முட்டை வைக்கிறதே எருக்குழியிலயும் மக்கின தென்னங்கட்டையிலயும்தான். நான் ரெண்டையும் ஒண்ணாக் கலந்து, நிழல்ல வெச்சு, தண்ணியும் தெளிச்சுட்டுப் போயிருக்கேன். மெஸ் வசதியோட ஹாஸ்டல் கட்டிக் கொடுத்தா சும்மா விடுமா?

தோப்புக்கு வந்த வண்டு எல்லாம் என் கட்டையில பிறந்ததுதான்னு நிரூபிக்க முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. சத்தமில்லாம கட்டையை மட்டும் கொளுத்திட்டா யாருக்கும் தெரியாதுனு ஒரு நிமிஷம் தோணுச்சு. பொய் சொல்லலை, தோணுச்சு. அப்புறம், அப்பா இன்னொரு தடவை எருக்குழிக்கு ஆள் கூப்பிட்டுக் கூலி கொடுப்பாரேன்னு நெனைச்சேன். போய்ச் சொல்லிட்டேன்.

அவர் திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். வந்து பார்த்தார். கட்டையை விறகு விறகாப் பிளந்து எரிச்சோம். புழுக்களைக் கோழிக்குப் போட்டோம். அதுங்களுக்குத்தான் அன்னிக்கு தீபாவளி. அப்புறம் அப்பா கம்பிக் கொக்கி ஒண்ணை என் கையில கொடுத்து, ‘ஏணியை எடுத்துக்கிட்டு வா’ன்னார். அவ்வளவுதான் பேச்சு.

நாலு நாள். நாப்பது மரம். குருத்துல ஓட்டை இருக்கானு பார்த்து, கொக்கியை விட்டுக் குத்தி வண்டை வெளியே இழுக்கணும். பதினோரு வண்டு எடுத்தேன். குருத்தடி மட்டை இடுக்குல மணலோட வேப்பங்கொட்டைத் தூளைக் கலந்து போட்டோம். மண் பானையில ஆமணக்குப் புண்ணாக்கை ஊறவெச்சு, தோப்புல அங்கங்கே வெச்சோம். அந்த வாசனைக்கு வண்டு வந்து விழும். இதெல்லாம் அப்பாவுக்குப் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சது இல்லை. ஆனா, பின்னாடி நான் தேடிப் பார்த்தப்போ, வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற வழியும் அதேதான். நாப்பதுல ரெண்டு மரத்தைக் காப்பாத்த முடியலை. குருத்தே போயிடுச்சு.

ராத்திரி தூக்கம் வராம திரும்ப அந்த இங்கிலாந்துக் கதையைப் படிச்சேன். அங்கே ஸ்டாக் பீட்டில்னு ஒரு கொம்பு வண்டு இருக்கு. அதோட புழு, மக்கின மரத்துக்குள்ளயே வருஷக்கணக்கா வளருமாம். இப்ப அது குறைஞ்சுக்கிட்டு வருதுனு, ஜனங்க வேணும்னே கட்டைகளை மண்ணுல புதைச்சு வெச்சு அதை வரவேற்கிறாங்க. அதாவது, மக்கின கட்டைக்குள்ள வண்டு வந்தா அவங்களுக்குக் கொண்டாட்டம். நம்ம ஊர் தென்னங்கட்டையில வண்டு வந்தா, அது நம்ம தோப்புக்கு வைக்கிற வேட்டு. படத்துல கட்டை தெரிஞ்சது. கட்டையைச் சுத்தி என்ன மரம் நிக்குதுனு நான் பார்க்கலை. அதைத்தான் அப்பா மூணே வார்த்தையில சொன்னார்... ‘தோப்புக்கு ஆகாது தம்பி.’

அதனால ஃப்ரெண்ட்ஸ்... லீவுல இந்த வேலையில இறங்குங்க, தாராளமா! கொல்லையில மட்டும்னு இல்லை, ரோடு போட, பில்டிங் கட்டனு வெட்டின மரத்தோட அடிக்கட்டை உங்க காலேஜ் கேன்டீன் பக்கத்துலயும் நிக்கும். பெர்மிஷன் வாங்கிட்டு, நாலு பேர் சேர்ந்து செய்யலாம். வேம்பு, பலா, புளி, தூங்குமூஞ்சினு எதுவா இருந்தாலும் ஓகே. தென்னையோ பனையோ ஈச்சையோன்னா, தயவுசெஞ்சு உளியை வெச்சுடுங்க. அந்த வண்டுக்குப் பனை, ஈச்சையும் பிடிக்கும். முக்கியமா, முதல்ல கட்டைகிட்ட போறதுக்கு முன்னாடி, அந்த ஊர் மண்ணுல வேலை செய்யிற யாராவது ஒரு பெரியவர்கிட்ட கேளுங்க. அவர் ஒரு வரிதான் சொல்வார். ‘ஏன்?’னு அடுத்த கேள்வி கேளுங்க. நான் கேட்காம விட்டது அந்த ஒரு கேள்விதான்.

பலாக்கட்டை இன்னும் நிக்குது. பிரண்டை அதை முழுசாச் சுத்திடுச்சு. போன வாரம் வீட்டுக்குப் போன் போட்டு, ‘அப்பாயி, அதுக்குத் தண்ணி ஊத்தறீங்களா?’ன்னு கேட்டேன்.

‘நான் எங்கய்யா ஊத்தறேன்... உங்கப்பன்தான் தெனம் காலையில ஊத்தறான்’னாங்க.