வால்வு யார் கையில்?

(மூன்றாமாண்டு, கெமிக்கல் இன்ஜினியரிங்)



"விஞ்ஞான வளர்ச்சியும் சமுதாயமும்" என்று தலைப்புக் கொடுத்து, நாலு பக்கத்துக்கு மிகாமல் எழுதச் சொன்னார்கள் மலர்க் குழுவினர். ரோபோ, செயற்கை நுண்ணறிவு, மின்சாரக் கார் என்று எழுதினால் ஜோராகத்தான் இருக்கும். அதை எழுத இந்த மலரிலேயே நாலு பேர் இருப்பார்கள். எனக்கு நேரில் தெரிந்த விஞ்ஞான வளர்ச்சி ஒரு பனியன் துணியில் ஆரம்பித்து ஓர் ஆற்றில் போய் முடிகிறது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அந்த ஆற்றின் மேல்பக்கம் என் அப்பா. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இருபது வருஷமாக மெஷின் ஓட்டுகிறார். கீழ்ப்பக்கம் என் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே காடு வைத்திருக்கும் விவசாயி. ஆக, ஒரே வீட்டில் வாதியும் இருக்கிறார், பிரதிவாதியும் இருக்கிறார்! தீபாவளிக்கு இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால், தண்ணீர்ப் பேச்சு வருவதற்குள் அம்மா இன்னொரு இட்லி வைத்துப் பேச்சை மாற்றிவிடுவார்.

அப்புச்சியின் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிக்கப்பட்டபோது, இனி மழையை நம்ப வேண்டியதில்லை என்று ஊரே சந்தோஷப்பட்டதாம். சில வருஷங்களிலேயே அணையில் நின்றது சாயக்கழிவு. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே போராடிய கொடுமை வேறெங்கும் நடந்திருக்குமா? திறந்தால் வயல் போச்சு. மூடி வைத்தால் சுற்றியுள்ள கிணறு போச்சு. "மாடே மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது கண்ணு, நீ குடிக்காதே" என்று நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்புச்சி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. போன பொங்கலுக்கு ஒரு டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டுபோய் அந்தக் கிணற்றில் முக்கிப் பார்த்தேன். 2,000-ஐத் தாண்டி நின்றது. குடிதண்ணீருக்கு 500 இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

சாயம் ஆற்றைக் கெடுத்தது என்று சொல்கிறோமே, உண்மையில் கெடுத்தது நிறம் மட்டுமல்ல, உப்பு! நம் டிபார்ட்மெண்ட் அல்லாத நண்பர்களுக்காக விளக்குகிறேன். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தானாகத் துணியில் ஏறாது. தொட்டியில் உப்பைக் கொட்டினால்தான் சாயம் தண்ணீரை விட்டுத் துணிக்குப் போகும். பிறகு சோடா ஆஷ் போட்டால் பிடித்துக்கொள்ளும். சாயத்தில் பெரும்பங்கு துணியோடு போய்விடும். உப்பு ஒரு கிராம்கூடத் துணியில் நிற்காது. போட்டது அத்தனையும் கழிவு நீரில் வெளியே வரும். சுண்ணாம்பு, பெரஸ் சல்பேட், பாக்டீரியா என்று பழைய முறையில் என்னதான் சுத்திகரித்தாலும் நிறம் போகும், நாற்றம் போகும், கரைந்த உப்பு அப்படியே இருக்கும். கண்ணாடி மாதிரி தண்ணீர் வெளியே போகும்; அதில் நெல் விளையாது.

கோர்ட்டுக்குப் போனவர்கள் நொய்யல் விவசாயிகள்தான். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்றது. "ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்" என்று நாம் பரீட்சைக்குப் படிக்கிறோமே, அதுதான் இது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் இதை ஆமோதித்தது. பிறகும் கழிவு ஓடியது. 2011 ஜனவரி 28 அன்று, எல்லாவற்றையும் மூடு என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளுக்குப் பூட்டு! அப்போது நான் பால்வாடிப் பையன். வீட்டில் அப்பா பகலில் படுத்திருந்தது மட்டும்தான் ஞாபகம். துணியை லாரியில் ஏற்றி வேறு ஊர்களுக்குச் சாயம் போட அனுப்பினார்கள். அப்பாவை அனுப்ப லாரி இல்லை. அம்மாவின் தோடு அந்த வருஷம் அடகுக்குப் போனது. அந்த வருஷ மழையில் அணைக்கு வந்த தண்ணீரைப் பார்த்து அப்புச்சி சந்தோஷப்பட்டார். யாருடைய பக்கம் நான் நிற்க வேண்டும்? அப்புச்சி பக்கம்தான் நியாயம் என்று இப்போது சொல்கிறேன். அப்பாவுக்கு இது தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை, பேசாமல் இருந்துவிட்டார்.

பிறகு, சுத்திகரிப்பை நிரூபித்தவர்கள் ஒவ்வொருவராகத் திறந்தார்கள். அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச மாட்டேன். பாக்டீரியாத் தொட்டி, வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வு என்று வரிசையாகக் கடந்து, கழிவில் பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பிச் சாயத் தொட்டிக்கே போகிறது. சவ்வு தள்ளிவிடும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்சி, உப்பையும் மீட்டுத் திரும்பப் போடுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் நண்பர்களே, ஜீரோ என்பது நிஜமாகவே ஜீரோவா? நாம் படித்த கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். விறகின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 3,500 என்றும், பாய்லர் திறன் 70 சதவீதம் என்றும் வைத்தால், ஆயிரம் லிட்டருக்கு 220 கிலோ விறகு! ஆவியையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நாலு அடுக்கு எவாப்பரேட்டரில் ஏட்டுக் கணக்குப்படி 55 கிலோ. நடைமுறையில் இன்னும் கூடும். விறகு வேண்டாம், ஆவியை அழுத்தித் திரும்பச் சூடாக்கும் மெஷின் வைக்கிறோம் என்றால் கரண்ட் பில் எகிறும். கடைசியில் மிஞ்சுகிற கலப்பு உப்பை யாரும் வாங்குவதில்லை; ஷெட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிறார்கள். ஆற்றில் போனதில் ஒரு பங்கு புகைபோக்கிக்கும் ஒரு பங்கு ஷெட்டுக்கும் இடம் மாறியிருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். ஆற்றுக்கு அது பரவாயில்லைதான்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை தொட்டியிலேயே நடந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. அந்தக் காலத்து வின்ச் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 20 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் துணிக்கு 20,000 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 1,200 கிலோ உப்பு. இப்போதைய சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஒரு கிலோவுக்கு 6 லிட்டர் போதும். அதே ஒரு டன்னுக்கு 6,000 லிட்டர், 360 கிலோ உப்பு. 840 கிலோ உப்பைத் தொட்டிக்கு வராமலே நிறுத்திய மெஷினுக்கு யார் மாலை போட்டார்கள்? கழிவை எப்படிச் சுத்தப்படுத்துவது என்று நமக்கு ஒரு முழுப் பாடம் இருக்கிறது. கழிவே வராமல் சாயம் போடுவது எப்படி என்று ஒரு பாரா இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாளாக யோசித்த விஷயம்.

இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கு ஒரு பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிருந்தேன். பெயர் சொல்ல மாட்டேன். இரவு ஷிப்டில் ஆபரேட்டர் ஓர் அண்ணன். டிப்ளமோ முடித்தவர், நம்மைப் போலவே அரியர் வைத்துத் தேறியவர். நல்ல மனுஷன், எனக்குப் பம்ப் ஏர்லாக் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர். எவாப்பரேட்டரில் உப்புப் படிந்து இரண்டு நாளாக ஓடவில்லை. தொட்டிகள் கழுத்து வரை நிறைந்துவிட்டன. வெளியே நல்ல மழை. பதினோரு மணிக்குப் போன் வந்தது. "மழைத் தண்ணியோட தண்ணியாப் போயிரும், திறந்து விடு." அண்ணன் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம், "தம்பி, டார்ச்சை எடுத்துட்டு வா" என்றார்.

மீட்டர் எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது. பாயும் அளவு நிமிஷத்துக்கு நிமிஷம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகிறது. ஆனால் எந்தக் குழாயில் மீட்டர் இருக்கிறதோ அந்தக் குழாயைத்தான் மீட்டர் பார்க்கும்! அண்ணன் திறந்தது மீட்டர் இல்லாத பைபாஸ் வால்வு. மூன்று மணி வரை திறந்திருந்தது. காலையில் லாக் புக்கில் "நார்மல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போன் செய்தவரின் கையெழுத்து எங்கேயும் இல்லை. மாட்டினால் மாட்டுவது யார் என்று புரிகிறதா?

டார்ச் பிடித்தது நான். ஆற்றோடு கணக்குப் போட்டால் அந்தத் தண்ணீர் இரண்டு மூன்று நாளில் அப்புச்சி ஊரைத் தாண்டியிருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. டிரெய்னிங் சர்டிபிகேட்டில் எனக்கு "மிக நன்று" போட்டிருக்கிறார்கள்.

நம்மில் பாதிப் பேர் இந்த மாதிரி நாற்காலியில்தான் உட்காரப் போகிறோம். சாயம் இல்லையென்றால் தோல், அதுவும் இல்லையென்றால் பிளேட்டிங், பாட்டரி, மருந்துக் கம்பெனி. மெஷினை வடிவமைப்பவர் எங்கோ இருப்பார், முதல் போட்டவர் எங்கோ இருப்பார், இராத்திரி பதினோரு மணிக்கு வால்வுக்குப் பக்கத்தில் இருப்பது டிப்ளமோக்காரன். புதிய தொழில்நுட்பம் சமுதாயத்தை என்ன செய்யும் என்று கருத்தரங்கம் போடுகிறோம். அந்த அண்ணனுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது கருத்தரங்கம் அல்ல. "திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் இன்னொரு வேலைக்குப் போக ஒரு வழி. தங்கை கல்யாணக் கடன் இருப்பவனிடம் மனசாட்சியைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே நம் பேரவை பிரசங்கத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான்; மலர் அச்சுச் செலவில் ஒரு கலர் பக்கத்தைக் குறைத்தால் பத்து மீட்டர் வாங்கலாம். ஆற்றோர ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் மாசம் ஒரு நாள் அவரவர் கிணற்றை அளந்து போர்டில் எழுதட்டும். மழைக்கு மறுநாள் கட்டாயம் அளக்கட்டும். உண்மையை எழுதி வேலை போன பழைய மாணவருக்கு வேறு இடம் தேடித் தர, நம் சீனியர்களின் பட்டியல் ஒன்று பேரவையில் இருக்கட்டும். டிரெய்னிங்குக்குப் போகுமுன், ஷிப்டில் இருக்கும் சீனியர் ஒருவரைக் கூப்பிட்டு, பாடப் புத்தகப் படத்தில் இல்லாத அந்தப் பைபாஸ் குழாய் எங்கே இருக்கும் என்று சொல்லச் சொல்வோம்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் பெயர் கொடுத்திருக்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். டெக்ஸ்டைல் பிரிவிலிருந்து வந்தால் ரொம்ப நல்லது.