காற்றில் ஓடும் பாலிஷ் மெஷின்

நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன், மோட்டார்ப் பட்டறையில் சேர்ந்த மூன்றாம் வாரமே விரலில் கட்டுடன் வந்து நின்றான். காற்றுக் குழாயைக் கழற்றாமல் பாலிஷ் மெஷினின் பஃப் தட்டை மாற்றினானாம்; விசையில் கை பட்டுவிட்டது. அவன் தாயாரின் முகம் என் கண்ணை விட்டு அகலவில்லை. ஆகவே இம்மாதம் இதனை எழுதலானேன்.

முதலில் கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கிய நீரை வடித்துவிடுக. மெஷினின் காற்று வாயில் இரண்டொரு துளி அதற்குரிய எண்ணெய் விடுக. பெரும்பாலானவற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அழுத்தமே உச்ச அளவு. மெஷின் ஓடும்போதே ரெகுலேட்டரைப் பார்த்து அமைக்க வேண்டும். தட்டில் குறித்த வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறையலாகாது. பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பானும் இன்றித் தொடாதீர். தொங்கும் துணி ஆகாது. தட்டைப் பரப்பில் பதித்த பின்னரே விசையை அழுத்துக. அக்காற்றால் உடலிலுள்ள தூசியை ஊதுவது கூடவே கூடாது. அது தோலுக்குள்ளும் புகவல்லது.

தட்டை மாற்றுமுன் குழாயைக் கழற்றுவதே தலையாய விதி. சிக்னல் கிடைக்காமல் எங்கள் வண்டி நகர்வதில்லை. குழாய் கழலாமல் உங்கள் பிள்ளையின் கையும் நகர வேண்டாம்.