செம்மண் ஆட்டமும் மேட் ஆட்டமும்

ஒரு விளையாட்டுக்குச் சட்டம் எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்கலாம். ஆடுகிற விதம் ஊருக்கு ஊர் மாற வேண்டும் என்பது என் கட்சி. அப்படி மாறினால்தான் புதுசாக ஒரு பிடி, புதுசாக ஒரு தப்பிக்கும் வழி பிறக்கும்.

பெங்களூரில் இருக்கும் பேரன் ஜியு-ஜிட்சு பழகுகிறான். தரையில் புரண்டு ஆளைப் பிடித்து அசையவிடாமல் செய்யும் வித்தை. ஜப்பான் சரக்கு. 1914-ல் மித்சுயோ மாயேதா என்ற ஜூடோக்காரர் பிரேசிலுக்குப் போக, அவர் வழியாக அங்கே கிரேசி குடும்பத்துக்கு வந்தது. அந்தக் குடும்பத்தில் ஹேலியோ என்பவர் ஒல்லிப்பிச்சான். பலத்தை நம்ப முடியாததால் மல்லாந்து கிடந்தபடியே எதிராளியை மடக்கும் வழிகளைத் தீட்டினார். பிற்பாடு ராபர்ட்டோ கோரியா என்பவருக்கு முழங்காலில் அடி. அந்தக் காலைக் காப்பாற்றிக்கொள்ள, எதிராளியின் ஒரு காலை மட்டும் பின்னிக்கொண்டு ஆடினார். இன்றைக்கு அந்த முறையை உலகம் முழுக்கச் சொல்லித் தருகிறார்களாம். பேரன் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, எனக்கு நம்ம சடுகுடுதான் ஞாபகம் வந்தது.

மின்வாரியத்தில் இருந்த காலத்தில் நோம்பி, பொங்கல் என்றால் ராத்திரி கபடிக்குத் தற்காலிக இணைப்புக் கொடுக்கும் வேலை எனக்கு வரும். வேலை முடிந்தாலும் வீட்டுக்குப் போக மாட்டேன். ராசிபுரம் பக்கம் தரை இறுகிய செம்மண், சின்னச் சின்னக் கல். விழுந்தால் முழங்கை உரிந்துவிடும். அதனால் அந்தப் பையன்கள் பாய மாட்டார்கள். நின்ற நிலையில் இடுப்பைக் கட்டிப் பிடிப்பார்கள், பிடித்தால் விடமாட்டார்கள். பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கம் காவிரிக்கரை மண். அங்கே கணுக்காலுக்குத் தலைகுப்புறப் பாய்வார்கள். பாடி வருகிறவனும் அதற்கேற்றபடி எகிறித் தாண்டப் பழகியிருப்பான்.

தொழிலும் சேர்ந்துகொள்ளும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை செய்கிற பையன்கள் மாதக்கணக்கில் இரும்புக் குழாயோடு மல்லுக்கட்டுகிறவர்கள். அவர்கள் மணிக்கட்டைப் பிடித்தால் உடும்புப்பிடி. குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்காரப் பையன்கள் உடம்பில் சதை இருக்காது, கால் மட்டும் நிற்காது. ஒரு தொடு, ஒரு திரும்பு, நடுக்கோட்டுக்கு வந்துவிடுவான். இந்த இரண்டு அணியும் மோதினால் கூட்டம் விடியும்வரை கலையாது.

வெளியிலும் இதே கதைதான். ஹரியானாவில் சோனிப்பட் பக்கத்து ரிந்தானா கிராமத்தில் இருந்து வந்த பர்தீப் நர்வால், கைகோத்து நிற்கும் சங்கிலிக்கு அடியில் முங்கி வெளியே வருவதையே தன் அடையாளமாக்கினார். ஈரான் மல்யுத்த நாடு. 1990 முதல் 2014 வரை ஏழு ஆசியப் போட்டிகளிலும் கபடித் தங்கம் நமக்குத்தான். 2018-ல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் அவர்கள் நம்மை 27-18 என்று சாய்த்துத் தங்கத்தையும் கொண்டுபோனார்கள். நம் விளையாட்டுக்குள் அவர்கள் மல்யுத்தப் பிடியைக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.

கிரிக்கெட்டிலும் பாருங்கள். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கரை எங்கே கற்றார்? டென்னிஸ் பந்து ஆட்டத்தில். அந்தப் பந்து குத்தி எழும்பினால் மட்டைக்காரன் தோப்புக்குள் அடிப்பான். கால் விரலுக்குப் போட்டால்தான் பிழைப்பு. அந்தப் பிழைப்புதான் 2020-21-ல் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அவரை இறக்கியது.

இப்போது என்ன நடக்கிறது? 2014-ல் புரோ கபடி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் 40 வயது தாண்டி, 2016-ல் பாட்னா அணித் தலைவராகக் கோப்பையைத் தூக்கியதை டிவியில் பார்த்துக் கைதட்டியவன் நான். மேட்டும் நல்லதுதான். செம்மண்ணில் எத்தனை முட்டி போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூட மேட்டில் ஆட வந்ததும் பெரிய விஷயம்.

ஆனால் போன வருஷம் மூன்று ஊர் ஆட்டம் பார்த்தேன். மூன்று ஊர்ப் பையன்களும் ஒரே மாதிரி நிற்கிறார்கள், ஒரே மாதிரி பிடிக்கிறார்கள். எல்லாம் செல்போனில் பார்த்துப் பழகியது. எதிரே நிற்பவனும் அதே வீடியோவைப் பார்த்தவன்தானே, எப்படி ஏமாறுவான்? 30 விநாடிக் கணக்கு வந்த பிறகு மூச்சடக்கிப் பாடுகிற கலையும் போய்விட்டது.

ஊர் ஊராகத் தனித்தனியே ஆடிக்கொண்டிருந்தால் போதும் என்று சொல்லவில்லை. அப்படி ஆடினால் ஒரே பிடியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ரிக்கில் வடக்கே போன பையன்கள் மழைக்கு ஊர் திரும்பும்போது ஒவ்வொரு வருஷமும் ஏதாவது புதுசு கொண்டுவருவார்கள். இங்கே உள்ளவர்கள் அதை முறிக்க ஒரு வழி தேடுவார்கள். தேடுவதற்கு வாரம் ஏழு நாளும் ஒரு இடம் வேண்டும். மாவட்டத் தலைநகரில் ஒரு உள்ளரங்கம் இருப்பது தேர்வுக்கு ஆகும். சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு வருகிற பையனுக்கு ஆகாது.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மந்தையில் பேவர் பிளாக் பதிக்கப் போகிறார்களாம், கார் நிறுத்த வசதியாக. ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டேன்: 13 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள், சலித்த மண் நாலு லோடு என் பென்ஷனில் அடித்துத் தருகிறேன் என்று. தலைவர் பார்க்கலாம் என்றிருக்கிறார். கூட்டத்தில் இருந்த இளவட்டங்களில் இரண்டு பேர்தான் கை தூக்கினார்கள். அடுத்த கூட்டம் ஆடி 18 கழித்து. இந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் அன்றைக்கு வந்து கூட நில்லுங்கள்.