காமாலை இறங்கியது எதனால்?

ஊரில் யாருக்காவது கண் மஞ்சளித்தால் வீட்டார் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வரப்பிலும் கொல்லையிலும் மழைக்குப் பின் தானாக முளைக்கும் சின்னச் செடி. கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலைகளுக்கு அடியில் கடுகளவுக் காய்கள் வரிசையாகத் தொங்கும். பெயர் வந்ததே அதனால்தான். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, வெறும் வயிற்றில் மோரில் கரைத்துக் கொடுப்பார்கள். சில வாரங்களில் கண் வெளுத்துவிடுகிறது. "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கிடையாது, கீழாநெல்லிதான் மருந்து" என்ற பேச்சுக்கு இன்னொரு சாட்சி சேர்ந்துவிடுகிறது. படித்தவர்கள் கூடுதலாக ஒன்று சொல்வார்கள்: "நோபல் பரிசு வாங்கியவரே நிரூபித்த விஷயம்."

கண் வெளுத்தது உண்மை. கீழாநெல்லியால் வெளுத்ததா என்பதே கேள்வி. நம் ஊரில் காமாலைக்குப் பெரும்பாலும் காரணம், அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வைரஸ்கள். இவற்றைப் பெரும்பாலோரின் உடல் தானே விரட்டிவிடும். மருத்துவர் ஓய்வும் சாப்பாடும் போதும் என்பது இதனால்தான். மருந்து தெரியாமல் கைவிரிப்பதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எது கொடுத்தாலும், எதுவுமே கொடுக்காவிட்டாலும், பெரும்பாலோருக்கு இறங்கிவிடும் நோயில் கடைசியாகக் கொடுத்ததற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. இதைப் பிரித்தறிய ஒரே வழி, ஒத்த நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மூலிகை கொடுத்து ஒப்பிடுவது. கேரளத்தில் அப்படிச் செய்து பார்த்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில், வைரஸ் காமாலை கண்டவர்களுக்கு நோய் நீடித்த காலத்தைக் கீழாநெல்லி குறைக்கவில்லை.

இனி அந்த நோபல் பரிசுக் கதை. அது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய கதை. ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்றவர் பாருக் பிளம்பர்க். அவரோடு இணைந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தப் புரதம் மறைந்திருந்தது. வெற்றுக் குளிகை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. 59 சதவீதம் எங்கே, 4 சதவீதம் எங்கே! உலகமே திரும்பிப் பார்த்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த ஆய்வுக்கு உட்பட்டவர்கள் கண் மஞ்சளித்து வந்தவர்கள் அல்லர். ஹெபடைட்டிஸ் பி வைரஸை நெடுநாளாக உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்கள். காமாலைக்கு ஆதாரமாக அதைக் காட்டுவது அடிப்படையிலேயே தவறு. ஆய்வாளர்களும் அதை முதற்கட்ட ஆய்வு என்றே குறிப்பிட்டார்கள். முதற்கட்டம் என்றால் மற்றவர்கள் செய்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பொருள். செய்து பார்த்தார்கள். தாய்லாந்துக் குழு 1990இல் அதே 'லான்செட்' இதழில் பலனில்லை என்றது. 1994இல் நியூசிலாந்திலிருந்தும் அதே முடிவு வந்தது. 2011இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளை, 1,326 நோயாளிகளின் விவரங்களோடு அலசியது. வெற்று மருந்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அதில் ஒன்றே ஒன்று. அதிலும் பலன் தெரியவில்லை. நம் மேடைகளில் மட்டும் கதை 1988இலேயே நின்றுவிட்டது.

"வெளிநாட்டான் சரியான செடியை எடுக்கவில்லை, மண் வேறு, பருவம் வேறு" என்று ஒரு பதில் உண்டு. நியாயமான சந்தேகம்தான், கீழாநெல்லிக்கு ஒத்த சாயலில் பல செடிகள் இருக்கின்றன, விளையும் இடத்துக்கேற்பச் செடியின் சத்தும் மாறும். அப்படியானால் சந்தையில் வாங்கிய கட்டில் இருப்பது எந்தச் செடி, எந்த மண், எந்தப் பருவம்? ஆய்வுக்கூடத்துக்கே கைகூடாத பலன் அம்மியில் அரைத்த உருண்டையில் உறுதியாகக் கிடைக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மருந்துக் கம்பெனிகள் மறைத்துவிட்டன என்பதும் நிற்காது. முதல் வெற்றியை உலகுக்குச் சொன்னதே மேலைநாட்டு இதழ்தான்.

"பச்சிலைதானே, கெடுதல் இல்லையே" என்பது எல்லாவற்றையும்விட ஆபத்தான வாதம். மருந்துகளால் கல்லீரல் கெட்ட 1,288 இந்தியர்களைப் பற்றி 2021இல் ஓர் ஆய்வு வந்தது. முதலிடம் காசநோய் மருந்துகளுக்கு. அடுத்த இடம், 13.9 சதவீதத்தோடு, ஆயுர்வேதம் உள்ளிட்ட மாற்று மருந்துகளுக்கு. கீழாநெல்லியின் பெயரில் விற்கப்படும் பொடியில் வேறென்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அது சுத்தமானதாகவே இருந்தாலும் நாள் கைநழுவிப் போகிறது. பித்தக்குழாயில் கல், கணையத்தில் புற்றுநோய், எலிக்காய்ச்சல் எல்லாமே கண்ணை மஞ்சளாக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வரும் ஹெபடைட்டிஸ் ஈ தாயின் உயிரையே பறிக்கக்கூடியது. பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் என்றால் கல்லீரல் செயலிழந்து மூளையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் "இன்னும் மூன்று வேளை உருண்டை கொடுத்துப் பார்ப்போம்" என்று காத்திருக்கும் வீட்டை நினைத்தால் மனம் பதறுகிறது.

உப்பு, எண்ணெய், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தும் கடும் பத்தியமும் வேண்டாம். புண்பட்ட கல்லீரல் தேறச் சாப்பாடுதான் வேண்டும்.

ஹெபடைட்டிஸ் பி நாள்பட்டு நின்றுவிட்டால், அதை அடக்கி வைக்க டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் இருக்கின்றன. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். கீழாநெல்லிக்குச் சாட்சியாக இழுக்கப்படும் அதே பிளம்பர்க், 1969இல் இர்விங் மில்மனோடு சேர்ந்து ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிக்கு வழிவகுத்தவர். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் நாள்பட்டதாகி நின்றுவிடுகிறது. அதனால்தான் பிரசவ அறையில் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அந்த ஊசியை அதன் தொடையில் போடுகிறார்கள்.