அகராதியை எடைக்குப் போடாதீர்கள்

"அகராதி எதற்கு, கையில்தான் கருவி இருக்கிறதே!" என்கிறார்கள். வீட்டில் பழைய புத்தகங்களைக் கழித்தால் முதலில் எடைக்குப் போவது தமிழ்-ஆங்கில அகராதிதான். கனம் அதிகம் அல்லவா! இது தவறு என்று உரக்கவே சொல்கிறேன்.

நம் மலையிலிருந்தே உதாரணம் தருகிறேன். பேரிஜம் பக்கம் மதிகெட்டான் சோலை இருக்கிறது. 'சோலை' என்று கையடக்கக் கருவி ஒன்றில் தட்டினேன். தோப்பு என்று பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல்லைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. தோப்பு மனிதன் வைத்தது. சோலையோ புல்வெளிகளுக்கு நடுவே, மலை மடிப்புகளில் தானாக வளர்ந்து, மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைக்குக் கொடுக்கிற காடு. ஈடான சொல் கிடைக்காமல்தான் ஆங்கிலேயர்கள் 'ஷோலா' என்று நம் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

சோலை வெறும் தோப்புதான் என்று ஒரு பிள்ளை படித்துவிட்டால், பைனும் வாட்டிலும் நட்ட இடமும் அதற்குச் சோலைதான். பிறகு எதைக் காப்பாற்றச் சொல்வோம்?

குறிஞ்சியைப் பாருங்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும், 2018-ல் பூத்த செடி அது; மலைநிலமும் அதுவே, அகத்திணையும் அதுவே, ஒரு பண்ணும் அதுவே. நல்ல அச்சு அகராதி இவற்றை வரிசையாக எண்ணிட்டுச் சொல்லும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், எந்த நூலில் அந்தப் பொருள் வருகிறது என்று சாட்சியும் வைக்கும். கருவி சாட்சி சொல்வதில்லை.

1845-ல் கோடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்தான் மிரோன் வின்ஸ்லோ. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் தொடங்கிய வேலையை, தமிழ்ப் புலவர்கள் துணையோடு முடித்து 1862-ல் அச்சிட்டார். 67,000-க்கு மேற்பட்ட சொற்கள். அது இன்றும் திறந்தால் திறக்கிறது. 20 வருடத்துக்கு முன் வாங்கிய மின் அகராதி திறக்குமா? பேட்டரிகூடக் கிடைக்காது.

"எழுத்து பொடி, கண் தெரியவில்லை" என்பவர்களுக்கு என் அனுதாபம் உண்டு. எனக்கும் அதே கண்தான். சிகாகோ பல்கலைக்கழகம் லெக்சிகனையும் வின்ஸ்லோவையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பெரிதாக்கிப் படிக்கலாம். ஆனால் அதுவும் அச்சு அகராதியின் நகல்தானே? என் சண்டை திரையோடு இல்லை. ஒற்றைச் சொல்லில் கதையை முடிக்கும் சோம்பலோடு.

ஆகவே பெரியவர்களே, பரணில் கிடக்கும் அகராதியைக் கீழே இறக்குங்கள். பேரப்பிள்ளை ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால், அதற்கு மேலும் கீழும் உள்ள நான்கு சொற்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். வாங்குவதானால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வாங்குங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் இருக்கும். எடைக்காரருக்குப் போட வேறு பழைய பேப்பர் நிறைய இருக்கிறது.